காற்றை எடுத்து அடுக்கிய கை

அந்தக் கை காற்றை எடுத்துக்கொண்டிருந்தது.

எடுத்த காற்றைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்த் தட்டில் வைத்தது. விரலை விரித்தது. திரும்பி வந்து இன்னொரு பிடி காற்றை எடுத்தது. ஒரு முழம் தள்ளி, பெல்ட்டின் மேல், அது எடுக்கவேண்டிய பம்ப் மூடிகள் ரேஷன் கடை வரிசை மாதிரி காத்து நின்றன. அவற்றை அது சட்டை செய்யவே இல்லை.

எதிரே சபாரி சூட் போட்ட மூன்று வடக்கத்திக்காரர்கள். அவர்கள் பக்கத்தில் எங்கள் முதலாளி எத்திராஜ் சார். கொஞ்சம் தள்ளி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நான்.

"அது என்ன எடுக்கிறது?" என்று சபாரிக்காரர்களில் பெரியவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கையைப் பார்த்தேன். கை தன் பாட்டுக்கு இன்னொரு பிடி எடுத்தது.

"பழகுது சார்," என்றேன்.

போன வாரம் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் என் ஒற்றைச் செருப்பு தண்டவாளத்தில் விழுந்த கதையை எழுதியிருந்தேன் இல்லையா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "செருப்பு கிடக்கட்டும் அம்மா, எஸ்டேட்டில் நீங்கள் என்னதான் வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நான் ஒரு கைக்கு வாத்தியாராக இருந்தேன். அந்த வேலை எனக்குக் கிடைத்ததும், ஒரு காலைப்பொழுதில் என் கையைவிட்டுப் போகப் பார்த்ததும்தான் இந்த வாரம்.

மிச்ச ஆள் எங்கே?

எண்பதுகளின் கடைசியா, தொண்ணூறுகளின் ஆரம்பமா, சரியாக நினைவில்லை. மாருதி காரைப் பார்த்தால் ஜனங்கள் திரும்பிப் பார்த்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி தண்ணீர் பம்புகளுக்கு மூடி செய்தது. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். வேலைக்குச் சேர வந்த அன்று முதலாளி என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல மார்க். பேக்கிங்ல போட்டுக்கலாம்," என்றார். டிப்ளமோவுக்கும் பேக்கிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். "லேடீஸ் எல்லாம் பேக்கிங்தாம்மா," என்றார். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் கிடையாது.

அட்டைப்பெட்டிக்குள் வைக்கோல் திணிக்க எதற்கு ஐயா ஓம் விதி? வருஷக்கணக்காகத் திணித்தேன். ராத்திரி தலை வாரினால் சீப்பில் வைக்கோல் வரும்.

அப்போதுதான் முதலாளி எங்கேயோ கண்காட்சிக்குப் போய்விட்டு ஒரு ரோபோ வாங்கிவிட்டார். கம்பெனி முழுக்க அதே பேச்சு. நடக்கும், பேசும், டீ கொண்டுவந்து கொடுக்கும் என்று ஆளுக்கொரு கதை. ஒருநாள் லாரியில் மரப்பெட்டி வந்தது. பெட்டியை உடைத்தால் உள்ளே தலை இல்லை, கால் இல்லை, வயிறு இல்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த ஒற்றைக் கை மட்டும் இருந்தது.

ஃபோர்மேன் கன்னியப்பன் அண்ணன் பெட்டியைச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கொரட்டூர்க்காரர். முப்பது ஆள் வேலை பார்க்கும் மெஷின் ஷாப்புக்கே அவர்தான் ராஜா.

"இன்னா சார், கை மட்டும் வந்துகீது? மிச்ச ஆளு அடுத்த லாரில வர்றாரா?"

அன்றைக்கே அதற்கு ஒத்தக்கை என்று பெயர் விழுந்துவிட்டது. முதலாளி அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் வைத்தார். அது அவருக்கே மறந்துபோனது.

மூளையை பீரோவில் வைத்த கதை

ஒத்தக்கையை விற்றவர்கள் பூனாவிலிருந்து ஓர் இன்ஜினீயரை அனுப்பினார்கள். சின்ன வயசு, நல்ல பையன். ஆனால் மெஷின் ஷாப்பில் ஒருவரும் அவனிடம் பாடம் கேட்க வரவில்லை. "அத்த நான் தொட மாட்டேன் நைனா. நம்ம வயித்துல அடிக்க வந்த சனியன்," என்று கன்னியப்பன் அண்ணன் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். வேறு வழியில்லாமல் முதலாளிக்கு என் சான்றிதழ் ஞாபகம் வந்தது.

நான் பூனாக்காரனிடம் பாடம் படித்தேன். படித்ததை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கஸ்தூரிக்கு ஒப்பித்தேன். கஸ்தூரி பேக்கிங்கில் என் பக்கத்து மேஜை. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். ஆனால் அவளுக்குப் புரிகிற மாதிரி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் எனக்கு அது புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

"அது இன்னா துன்னும்?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"கரண்ட்டு. மூணு ஃபேஸ்."

"கட்டான அன்னிக்கு?"

"பட்டினி."

"அப்ப அம்பத்தூர்ல பாதி நாளு விரதம்னு சொல்லு."

உடம்பு என்றால் இரும்புச் சட்டம். தரையில் போல்ட் போட்டு இறுக்கியது, நகராது. அதற்கு மேலே தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூட்டுகள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு மோட்டார், அதுதான் சதை. சதை இழுத்தால்தானே கை தூக்கும்? மோட்டார் சுற்றினால்தான் மூட்டு மடங்கும். நுனியில் இரண்டே விரல். அழுத்தக் காற்று உள்ளே போனால் பிடிக்கும், வெளியே வந்தால் விட்டுவிடும். அந்த விரலுக்கு உணர்ச்சி கிடையாது. பிடித்திருப்பது மூடியா, முருங்கைக்காயா, வெறுங்காற்றா என்று அதற்குத் தெரியாது.

"கண்ண மூடிகினு மூக்கத் தொடு," என்றேன் கஸ்தூரியிடம். தொட்டாள். "பாக்காமலே உன் கை எங்க இருக்குன்னு உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது? அதே மாதிரி ஒத்தக்கைக்கும் ஒவ்வொரு மூட்டுலயும் ஒரு கணக்குப்பிள்ளை உக்காந்திருக்கு. எவ்ளோ திரும்பியிருக்கோம்னு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும்."

"மூள எங்க கீது?"

அதுதான் விசேஷம். மூளை கைக்குள் இல்லை. பக்கத்தில் பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி, அதற்குள் இருந்தது. அதற்கு சூடு ஆகாது என்று தனியாக ஃபேன் வேறு. நாங்கள் வேர்த்து ஊற்றிக்கொண்டு வைக்கோல் திணித்தபோது அந்த மூளை ஜிலுஜிலுவென்று உட்கார்ந்திருந்தது.

"எங்க ஊட்டுக்காரரும் மூளைய பீரோலதான் வெச்சிகீறாரு," என்றாள் கஸ்தூரி. "சாவிதான் எங்கன்னு தெரில."

மூளை இருந்தால் மட்டும் போதுமா? சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? கையில் பிடிக்கிற மாதிரி பொத்தான் வைத்த ஒரு டப்பா இருந்தது. அதை அழுத்தி அழுத்தி, இங்கே குனி, இங்கே பிடி, இவ்வளவு தூக்கு, இங்கே வை என்று ஒவ்வொரு இடமாக ஒத்தக்கையைக் கொண்டுபோய் நிறுத்தி மனப்பாடம் பண்ண வைக்கவேண்டும். அதைச் செய்தது நான். என் தம்பிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து மண்டை காய்ந்தவள் நான். ஒத்தக்கையோ ஒருமுறை சொன்னால் போதும், மறக்காது. எனக்கு அதன்மேல் பிரியமே வந்துவிட்டது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கண்ணும் வில்லையும்

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கதையே அங்கேதான் இருக்கிறது.

அது ஊரையெல்லாம் பார்க்கிற கண் இல்லை. பெல்ட்டின் இந்தப் பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு டப்பா. அதிலிருந்து சிவப்பாக ஒரு வெளிச்சம் புறப்பட்டு பெல்ட்டைத் தாண்டிப் போகும். அந்தப் பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பம். கம்பத்தில் வட்டமாக ஒரு பளபளப்பு வில்லை. சைக்கிளுக்குப் பின்னால் மாட்டுவார்களே, அந்த ஜாதி, ஆனால் வெள்ளை. வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வந்தால், வழியில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம், பெல்ட் ஓடும். ஒரு மூடி குறுக்கே வந்து வெளிச்சத்தை மறைத்தால், சரக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பெல்ட் நிற்கும், கை எடுக்கும். எடுத்ததும் பெல்ட் மறுபடி ஓடும்.

பூனாக்காரன் ஊருக்குப் போகும்போது ஒத்தக்கை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஆயுத பூஜை முடிஞ்சதும் நம்ம மூடிய வாங்க பெரிய கம்பெனிக்காரங்க வர்றாங்க எஸ்தர். அவங்க முன்னாடி இது கரெக்டா ஓடிச்சுன்னா நீ மெஷின் ஷாப் ஆபரேட்டர். ஆர்டர் போட்டுடறேன். ஓடலன்னா பழையபடி பேக்கிங். சரியா?"

சரி என்று சொல்வதைத் தவிர வேறு என்ன சொல்வது? எங்கள் கம்பெனியில் அதுவரை ஒரு பெண்ணும் மெஷின் ஷாப் கதவைத் தாண்டி வேலை பார்த்ததில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். ராத்திரி தூக்கத்தில்கூட வேண்டும் வேண்டும் என்றிருந்தது.

போதாததற்கு என் அப்பா வேறு. சேக்காட்டில் எங்கள் தெரு முழுக்க, "எம் பொண்ணு ரோபோ ஓட்டுறா," என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர், நோயாளிகளுக்கும் பிரயாணிகளுக்கும் ஜெபித்த கையோடு, "சகோதரி எஸ்தரின் இயந்திரக் கைக்காகவும் ஜெபிப்போம்," என்றார். சபையே ஆமென் சொன்னது. இனிமேல் அது ஓடாவிட்டால் நான் எந்த முகத்தோடு பாட்டுப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சபைக்குப் போவது?

சந்தனம் பட்ட இடமெல்லாம்

எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதில் சாமி பேதம் கிடையாது. அல்லேலூயாவும் பொரி வாங்கும், பாய் வீட்டுப் பையனும் மெஷினுக்கு மாலை போடுவான். காலையிலிருந்து மண்ணெண்ணெய் போட்டு மெஷின்களைத் தேய்த்துக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஒத்தக்கையைச் சனியன் என்று சொன்ன அதே கன்னியப்பன் அண்ணன், அன்றைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு அதன் முன்னால் வந்து நின்றார். வந்தவர் திகைத்துப்போனார்.

"இதுக்கு நெத்தி எங்கம்மா கீது?"

"நெத்தி இல்லண்ணே."

"நெத்தி இல்லாத மெசினா? சரி, வுடு." தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, விரல் இரண்டுக்கும் ஒவ்வொன்று, மூளைப் பெட்டிக்குப் பெரிய பட்டையாக மூன்று. "கண்ணுல மட்டும் வெச்சிடாதீங்கண்ணே," என்று கெஞ்சினேன்.

"எனுக்குத் தெரியாதா? எவனாவது கண்ணுல சந்தனம் வெப்பானா?" என்று கோபித்துக்கொண்டார். கண் டப்பாவைத் தொடவே இல்லை. கர்த்தர் ஒரு பக்கம், கன்னியப்பன் அண்ணனின் சாமி ஒரு பக்கம் என்று ஒத்தக்கைக்கு நல்ல பந்தோபஸ்து என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

முதலாளியின் மனைவியும் வந்திருந்தார். பட்டுப்புடவையும் கல் வைத்த பொட்டுமாகக் காரிலிருந்து இறங்கி, ஒத்தக்கைக்கு முன்னால் தானே குனிந்து பெரிய கோலமாகப் போட்டார். நல்ல மனுஷி, கோலப்பொடி மூக்குவரைக்கும் அப்பிக்கொண்டது. பேக்கிங் பெண்களும் காலையிலிருந்து மெஷின் தேய்த்து முகமெல்லாம் கறுப்பு. எல்லாரும் ஒத்தக்கைக்கு அந்தப் பக்கமிருந்த குழாயில் ஒருவர் பின் ஒருவராக முகம் கழுவிவிட்டுப் பூஜைக்கு வந்து நின்றார்கள். கற்பூரம் காட்டி, கன்னியப்பன் அண்ணன் எல்லார் நெற்றிக்கும் குங்குமம் கொடுத்தார். நான் பொரி மட்டும் வாங்கிக்கொண்டேன்.

"அண்ணே, ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாத்துடட்டுமா?" என்று கேட்டேன்.

"பூசைல வெச்ச மெசின இன்னிக்குத் தொடுவியா நீ? நல்லாக் கேட்ட போ!"

லீவு முடிந்து கற்பூரம் ஏற்றித்தான் எந்த மெஷினையும் ஓட்டவேண்டும். அது எஸ்டேட் வழக்கம். அதை மீற எனக்கு என்ன தைரியம்? பேசாமல் வீட்டுக்குப் போனேன்.

துடைப்பக்கட்டை வைத்தியம்

லீவு முடிந்த காலை. மத்தியானம் வருவதாகச் சொன்ன சபாரிக்காரர்கள் விமானத்திலிருந்து இறங்கி நேராகக் கம்பெனிக்கு வந்துவிட்டார்கள். கன்னியப்பன் அண்ணன் கற்பூரம் காட்டினார். முதலாளி, "ஆரம்பிம்மா," என்றார். பொத்தானை அழுத்தினேன். பெல்ட் ஓடவில்லை. ஒத்தக்கை மட்டும் குனிந்து, ஒரு பிடி காற்றை எடுத்துத் தட்டில் வைத்தது.

இங்கேதான் ஆரம்பத்தில் உங்களை நிறுத்திவிட்டு வந்தேன்.

"பழகுது சார்" என்று நான் சொன்னதை முதலாளி ஆங்கிலத்தில் இன்னும் அழகாகச் சொன்னார். சபாரிக்காரர்கள் தலையாட்டினார்கள். ஒத்தக்கை பழகிக்கொண்டே இருந்தது. தட்டில் காற்று வரிசை வரிசையாக அடுக்கப்பட்டது. ஒரு வரிசை நிறைந்ததும், நான் சொல்லிக்கொடுத்தபடியே, அடுத்த வரிசைக்குப் போனது. என் மாணவனின் ஒழுக்கத்தைப் பார்த்து எனக்கு அழுகை முட்டியது.

முதலாளி என் காதருகில் வந்தார். "எல்லாம் அந்தச் சந்தனம். துடை எல்லாத்தையும்."

ஒத்தக்கையை நிறுத்திவிட்டு நானும் இரண்டு ஆட்களும் துணியோடு ஏறினோம். கரண்ட் பார்த்தேன், மூணு ஃபேஸும் இருந்தது. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் துடைத்தோம். விரலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மூளைப் பெட்டியின் பட்டையைத் துடைத்து, வாழைக்கன்றை அவிழ்த்து எறிந்தேன். கண் டப்பாவை முந்தானையால் மூன்று தரம் துடைத்தேன். கண் சுத்தமாக இருந்தது.

"துடைங்க, நல்லாத் துடைங்க," என்றார் கன்னியப்பன் அண்ணன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "பூசைய அழிச்சா மட்டும் ஓடிடுமா?"

ஓட்டினேன். காற்றைத்தான் எடுத்தது.

கண்ணுக்கு எதிரே வெளிச்சத்தை ஏதோ மறைக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் கண்ணுக்கு நேரே பெல்ட் காலி. குறுக்கே ஒரு தூசி இல்லை. அந்தப் பக்கம் பார்த்தேன். கம்பம் இருந்தது, வில்லை இருந்தது. எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவேண்டிய மாதிரியே இருந்தன. சத்தியமாக அப்படித்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

சபாரிக்காரர்களில் ஒருவர் வாட்ச்சைப் பார்த்தார். முதலாளியின் கழுத்து வேர்த்தது. "எதையாவது எடுக்க வை," என்று பல்லைக் கடித்தார். "பேக்கிங்லேர்ந்து ஒரு ஆளைக் கூப்பிடு. அந்தப் பக்கம் நின்னு மூடியைத் தள்ளிவிடச் சொல்லு."

வந்தவள் கஸ்தூரி. கையில் துடைப்பக்கட்டை. நீளமாக வேறு எதுவும் கிடைக்கவில்லையாம். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம், கை எட்டாத இடத்தில், கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு மூடியை இழுத்துவிட்டாள். மூடி கோணலாக வந்தது. ஒத்தக்கை அதன் விளிம்பைக் கிள்ளித் தூக்கி, பாதி வழியில் டமால் என்று கீழே போட்டது. போட்ட பிறகும் வெறும் விரலைத் தட்டுவரைக்கும் கொண்டுபோய்ப் பவ்யமாக விரித்தது.

அவ்வளவுதான், என் மெஷின் ஷாப் போயிற்று என்று நினைத்தேன். மனசுக்குள் வைக்கோல் வாசனை அடித்தது.

வில்லையின் மேல் என்ன?

கஸ்தூரி இரண்டாவது மூடியை இழுக்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அட! எம் பொட்டு இங்கதான் கீதா?"

துடைப்பக்கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வில்லையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் உரித்து, அதே வில்லையில் நெற்றியைப் பார்த்து ஒட்டிக்கொண்டாள்.

எனக்கு உச்சந்தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டுக் கண்ணாடியில் பொட்டு கிடையாது; பைபிள் வசனம்தான் ஒட்டியிருக்கும். ஆனால் நான் போய்வந்த எத்தனை வீடுகளில், ஹாஸ்டல்களில், எத்தனை கண்ணாடிகளில் பார்த்திருக்கிறேன்! முகம் கழுவும் முன் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவது இந்த ஊர்ப் பெண்களுக்குச் செருப்பை வாசலில் விடுகிற மாதிரி. யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. கண்ணாடி என்றால் அதில் பொட்டு இருக்கும். அதனால்தான் வில்லையைப் பார்த்தபோது எனக்கு அது தப்பாகவே படவில்லை. பெண்கள் அறையில் ஒரு கண்ணாடி மாட்ட இந்தக் கம்பெனிக்குத் துப்பில்லை. குழாயில் குனிந்தால் முகத்துக்கு நேராகப் பளபளவென்று அந்த வட்டம்தான். கழுவிவிட்டு வந்த நெற்றிக்குக் கன்னியப்பன் அண்ணன் குங்குமம் கொடுத்துவிட்டார். ஸ்டிக்கரை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

கஸ்தூரியின் பொட்டு போன பிறகும் ஒத்தக்கை காற்றைத்தான் எடுத்தது. ஓடினேன். வில்லையின் ஓரத்தில் இன்னொன்று இருந்தது, சின்னக் கறுப்புப் பொட்டு. உரித்தேன். ம்ஹும், அதற்கும் பெல்ட் அசையவில்லை. நட்டநடுவில் மூன்றாவதாக ஒன்று, நாலணா அகலத்துக்கு. நகத்தைக் கொடுத்து அதையும் உரித்தேன்.

ஒத்தக்கை சட்டென்று நின்றது. பெல்ட் ஓடியது. வரிசையில் காத்திருந்த முதல் மூடி கண்ணுக்கு நேராக வந்தது. பெல்ட் நின்றது. கை குனிந்து, பிடித்து, தூக்கி, தட்டில் வைத்தது. டங் என்று சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அடுத்தது. அதற்கடுத்தது. சபாரிப் பெரியவர் கை தட்டினார். "இவ்வளவு நேரம் பயிற்சி எடுத்தது வீண் போகவில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னாராம். முதலாளி அவர்கள் மூன்று பேரையும் ஏ.சி. ரூமுக்குச் சாப்பிட அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். வந்த முகத்தில் சந்தோஷம் இல்லை.

கல் வைத்த பொட்டு

"என்ன உரிச்ச அதுலேர்ந்து?"

"பொட்டு சார்."

"பொட்டா!" அவர் போட்ட சத்தத்தில் லேத்துகள் நின்றன. "இதுக்குத்தான் பொம்பளைங்கள மெஷின் பக்கம் விடறதில்ல! இது மெஷினா, உங்க ஊட்டு அலமாரியா? இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருந்தா ஆர்டரே போயிருக்கும். யார் யார் ஒட்டினது?"

கஸ்தூரி ஒரு அடி முன்னால் வந்தாள். பயந்தவள் இல்லை அவள். "ஒண்ணு என்னுது சார். தோ, நெத்தில கீது."

"கறுப்பு என்னுது சார்," என்று பின்னாலிருந்து பேக்கிங் சரோஜாவின் குரல் மட்டும் வந்தது.

"மூணாவது?"

பேக்கிங் பெண்கள் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணாவது யாருது? சொல்லாம ஒருத்தியும் இங்கேருந்து போக முடியாது. எவளா இருந்தாலும் சரி, இனிமே இந்தக் கதவுக்கு உள்ள காலை வைக்கக் கூடாது. எஸ்தர், நீயும் பேக்கிங்குக்கே போ. உன் கூட்டுக்காரிங்கதானே எல்லாரும்? உன்ன உள்ள விட்டா நாளைக்கு எல்லாரும் வந்து சீப்பையும் மாட்டுவீங்க."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகையா ஆத்திரமா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா ஐயா என்று கேட்க வாய் திறந்தேன். கீழே போடாமல் புறங்கையில் ஒட்டிவைத்திருந்த அந்த மூன்றாவது பொட்டை மட்டும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

நடுவில் ஒரு சிவப்புக் கல். சுற்றிலும் பொடிப்பொடியாக வெள்ளைக் கல். பேக்கிங்கில் அப்படிப்பட்ட பொட்டு வாங்குகிறவர்கள் யாரும் கிடையாது.

முதலாளி குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்தப் பொட்டை அவர் வீட்டு வாஷ்பேஸின் கண்ணாடியில் தினமும் பார்த்துப் பல் தேய்க்கிறவர் ஆயிற்றே.

கன்னியப்பன் அண்ணன் தொண்டையைச் செருமினார். "பூசை அன்னிக்கு அம்மா கோலம் போட்டுட்டு, மூஞ்சி கழுவ..."

"தெரியும்யா," என்றார் முதலாளி.

பின்னால் ஒத்தக்கை இன்னொரு மூடியை டங் என்று தட்டில் வைத்தது. அது பாட்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

முதலாளி என் புறங்கையிலிருந்து பொட்டை மெதுவாக உரித்தார். கீழே போட முடியாது, பெண்டாட்டியின் பொட்டு. பாக்கெட்டில் போட்டால் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். விரல் நுனியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, ஒரு யோசனையும் இல்லாமல், தன் கைக்கடிகாரத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்.

கஸ்தூரி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கன்னியப்பன் அண்ணன் உத்தரத்தில் எதையோ பார்த்தார்.

"லேடீஸ் ரூம்ல ஒரு கண்ணாடி மாட்டச் சொல்லுய்யா," என்றார் முதலாளி, அவரிடம். "பெருசா."

"சரிங்க சார்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எஸ்தர், நாளைலேர்ந்து நீ மெஷின் ஷாப். ஆர்டர் அடிக்கச் சொல்றேன். எட்டு மணிக்கு டாண்ணு வந்துடணும், லேட்டாச்சுன்னா உள்ள விடமாட்டேன்."

"வந்துடறேன் சார்."

"ம்." அந்த மிடுக்கோடு மணி பார்க்கக் கையைத் தூக்கினார். பார்த்தார். சிவப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மின்னின. முள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கையைக் கொஞ்சம் சாய்த்தும் பார்த்தார்.

"சாப்பாட்டு மணி அடிச்சாச்சு சார்," என்றேன் நான், மெஷின் ஷாப் ஆபரேட்டர் எஸ்தர்.